நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த உதிரம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 58 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, உடலும் பருமன். 52 வயதில் மாதவிடாய் நின்றது. இரவில் உடல் கொதித்து வியர்த்துத் தூக்கம் கெட்டதால் 54 வயதில் ஹார்மோன் மாத்திரைகள் தொடங்கினேன்: தினமும் ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோவெரா ஒன்று. கருப்பை எடுக்கப்படவில்லை. புரோவெரா வயிற்றை உப்ப வைப்பதால் ஓராண்டாக அதைப் பல நாள் விட்டுவிடுவேன். இந்த ஆண்டு தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் முன் மூன்று நாள் உதிரம் பட்டது. விரதம் கெடக் கூடாதென்று, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்த, மாதவிடாயைத் தள்ளிப்போடும் பிரைமோலட் மாத்திரைகளைக் காவடி முடியும்வரை சாப்பிட்டேன், உதிரம் நின்றது. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் மறுபடி தொடங்கி, முன்னைவிட அதிகமாக ஐந்து நாள் போயிற்று. இதே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் அக்கா, ஹார்மோன் எடுத்தால் அப்படித்தான், எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்கிறார். என் பெரியம்மா கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர். கணவர் ஓய்வு பெற்ற பின் மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீடு) இல்லை. நான் என்ன செய்யட்டும்? மகனுக்கும் மருமகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அதன் பிறகு பார்ப்போம். இந்த வாரத்திற்குள் நீங்கள் ஒரு மருத்துவரிடமோ கிளினிக்கிலோ நேரில் சென்று உள்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதைத் தொடர்ந்து கருப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கருப்பையின் உள்வரியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பதும் அவசியம் என்றே கருதுகிறேன். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் உதிரம் கண்டு மருத்துவரிடம் வரும் பெண்கள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய 9 பேருக்குத்தான் கருப்பைப் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் அந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. ஆனால் மறுபக்கமாகப் பார்த்தால், கருப்பைப் புற்றுநோய் வந்த பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 90 பேருக்கு இந்த உதிரப்போக்கு இருந்திருக்கிறது. முதல் எண்ணை மட்டும் கேட்டவர் வீட்டில் இருந்துவிடுகிறார், இரண்டாவதை மட்டும் கேட்டவர் தூக்கத்தை இழக்கிறார். நீங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் ‘மறுபடியும் மாதவிடாய் வந்துவிட்டதோ’ என்ற தொனி தெரிகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் உதிரம் வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவத்தில் கொள்கிறோம். உங்களுக்கு நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சூலகங்கள் தம் வேலையை முடித்துக்கொண்ட பிறகு மாதவிடாய் திரும்பி வருவதில்லை. எனவே இப்போது வந்தது மாதவிடாய் அன்று. காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஓர் உதிரப்போக்கு. பெயரை மாற்றிச் சொல்வது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ‘பீரியட்’ என்று நினைக்கும் பெண் ஐந்து நாள் பொறுத்துக்கொண்டு அதை மறந்துவிடுகிறாள் என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இனி அந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. உடல் சூட்டையும் வியர்வையையும் தூக்கமின்மையையும் அடக்குவது ஈஸ்ட்ரோஜன். அது மூளைக்கும் எலும்புக்கும் செய்யும் நன்மையோடு, கருப்பையின் உள்வரியையும் வளரச் செய்கிறது; அதுவே அதன் இயல்பு. அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பதற்காக மட்டுமே, கருப்பை உள்ள பெண்களுக்கு இரண்டாவது மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறோம். உங்களுக்கு அது புரோவெரா, அதாவது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன். அதை எடுப்பதால் உடல் சூடு குறைவது உங்களுக்குத் தெரியாது, தூக்கம் வருவதும் தெரியாது. தெரிவதெல்லாம் வயிறு உப்புவதுதான். ஆகவே இரண்டில் ஒன்றை விடலாம் என்று தோன்றும்போது எந்தப் பெண்ணும் இதைத்தான் விடுவாள். உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிறிய மாத்திரை எதற்காக என்று நான்கு ஆண்டுகளில் யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகமே மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஏராளமான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தனியாகவே கொடுக்கப்பட்டது. அப்படி எடுத்தவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக வருகிறது என்று 1975ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அதன் பிறகே, புரோவெரா போன்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. பின்னர் 1990களில் அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வில், கருப்பை உள்ள பெண்களுக்கு மூன்று ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, 100 பேரில் ஏறக்குறைய 62 பேருக்கு உள்வரி ஏதோ ஒரு வகையில் மிகையாக வளர்ந்திருந்தது. புரோஜெஸ்டிரோனையும் சேர்த்து எடுத்தவர்களிடம் அந்த வளர்ச்சி, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிடம் இருந்த அளவுக்குத்தான் இருந்தது. மிகை வளர்ச்சி என்பது புற்றுநோய் அன்று. ஆனால் அதில் ஒரு வகை, கவனிக்காமல் விட்டால் அந்தத் திசையில் போகக்கூடியது.

உங்களுக்கு எழுதிக் கொடுத்ததுபோல இரண்டு மாத்திரைகளையும் ஒரு நாள்கூட விடாமல் தினமும் எடுக்கும் முறையில், முதல் ஆறு மாதங்கள் அவ்வப்போது துளித்துளியாக உதிரம் படுவது வழக்கம்தான். உடல் மருந்துக்குப் பழகும் காலம் அது. அதன் பிறகு படக் கூடாது. வேறொரு முறை உண்டு; அதில் புரோஜெஸ்டிரோனை மாதத்தில் பத்து முதல் பதினான்கு நாள்கள் மட்டும் எடுப்பார்கள். அவர்களுக்கு அந்த நாள்கள் முடியும் தறுவாயில் மாதந்தோறும் உதிரம் வருவது எதிர்பார்க்கப்பட்டதே. உங்கள் அக்கா சொல்வது, ஒருவேளை, அவர் அறிந்த யாரோ ஒருவர் அந்த முறையில் மாத்திரை எடுத்ததை வைத்து இருக்கலாம். நான்காம் ஆண்டில், இடையில் எதுவும் இல்லாமல் இருந்து திடீரென உதிரம் வந்த உங்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

இப்போது நீங்கள் எழுதிய இரண்டு உதிரப்போக்குகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். இரண்டாவதற்கு விளக்கம் எளிது. பிரைமோலட்டில் உள்ள நோரெதிஸ்டிரோனும் புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்ததே. அதை எடுக்கும்வரை உள்வரி பிடித்து நிறுத்தப்படுகிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் அது உதிர்ந்து வெளியே வருகிறது. மாதவிடாயைத் தள்ளிப்போட இளம்பெண்கள் எடுக்கும்போது நடப்பதும் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உள்வரி மெல்லியதாக, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவில் இருந்திருந்தால், ஐந்து நாள் உதிர்வதற்கு அங்கே அவ்வளவு இருந்திருக்காது. நீங்கள் அறியாமலே செய்த அந்தச் சோதனை, உள்வரி தடித்திருந்தது என்ற குறிப்பைக் கொடுத்திருக்கிறது. முதலில் வந்த மூன்று நாள் உதிரம்தான் விளக்கம் பெறாமல் நிற்கிறது. புரோவெராவை விட்டு விட்டு எடுத்ததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பது வேறு, பார்த்து உறுதி செய்வது வேறு. காரணம் தெரிந்துவிட்டதுபோல் தோன்றும் இடத்தில்தான் சோதனையைத் தவறவிடுகிறோம்.

பிரைமோலட்டை இனித் தொடாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அன்போடுதான் கொடுத்திருப்பார். ஆனாலும் உதிரத்தை நிறுத்தும் அளவில் அதை எடுக்கும்போது, அதில் ஒரு பகுதி உடலுக்குள் கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 58 வயதில், பருமனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள உடலில் அது காலின் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டியை உண்டாக்கும் அபாயத்தைக் கூட்டும். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், காரணமில்லாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதைவிடப் பொதுவான தீங்கு ஒன்றும் உண்டு. உள்ளே என்ன நடந்தாலும் சில நாள்களுக்கு உதிரத்தை அது மறைத்துவிடுகிறது. நின்றுவிட்டது என்ற நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்ற அக்காவின் சொல்லில் உள்ள ஆபத்தும் இதே வகையானது. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினால் உதிரம் நின்றும் போகலாம். அப்படி நின்றால், மாத்திரைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். ஆனால் தடித்த உள்வரியோ, அதற்குள் வளர்ந்த வேறொன்றோ, உதிரம் வராத வாரங்களிலும் அங்கேயே இருக்கும். நான் பயிற்சி முடித்த புதிதில், ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், மாத்திரையால்தான், நிறுத்துங்கள், சரியாகிவிடும் என்று சொல்லி, உள்பரிசோதனைகூடச் செய்யாமல் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கருப்பையை எடுப்பதோடு கதிர்வீச்சும் தேவைப்படும் நிலைக்கு வந்திருந்தார். அவர் பிழைத்தார், என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதனாலேயே, ஹார்மோன் எடுப்பவர் என்பதைக் காரணமாகக் காட்டி ஒரு பெண்ணைச் சோதிக்காமல் அனுப்ப யாருக்கும், எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை என்று இன்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். உங்களிடம் யாரேனும் அப்படிச் சொன்னால், ‘ஸ்கேன் எப்போது எடுப்பீர்கள்’ என்று மரியாதையோடு திருப்பிக் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை மாத்திரைகளை என்ன செய்வது? ஈஸ்ட்ரோஜனை எடுத்துக்கொண்டு புரோவெராவை விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். முடிந்தால் இரண்டையும் எழுதிக் கொடுத்தபடியே எடுங்கள். புரோவெராவை எடுக்கவே முடியவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்து நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நிறுத்திய சில நாள்களில் மறுபடி உதிரம் படலாம், உடல் சூடு திரும்பலாம். இரண்டும் துன்பமே தவிர ஆபத்தல்ல. சோதனைகள் முடிந்து எல்லாம் நலமென்று தெரிந்த பின், வயிறு உப்பாத வழிகள் இருக்கின்றன. இரவு படுக்கும்போது எடுக்கும் இயற்கை வகைப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை சிலருக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. மிரேனா எனும் ஹார்மோன் வளையத்தைக் கருப்பைக்குள் பொருத்தினால், அது ஐந்து ஆண்டுகள் உள்வரியை அங்கேயே நின்று காக்கும். தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரையும் அழுத்தமும் உள்ள உங்களுக்கு, வாய்வழி ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டையோ களிம்போ நல்லதா என்பதையும் அப்போது கேளுங்கள்.

உங்கள் உடல் நிலையைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. ஆனால் உடலில் உள்ள கொழுப்புத் திசு மற்ற ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. பருமன் கூடக் கூட அந்த அளவும் கூடும். அதாவது, மாத்திரை எடுக்காத நாளிலும் உங்கள் கருப்பைக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் இல்லாமல். நீரிழிவும் தனியே கருப்பைப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. நம் இந்திய வம்சாவளி மக்களிடையே இந்த நாட்டில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். உங்களுக்கு ஸ்கேனோடு நிறுத்தாமல் திசுச் சோதனையும் வேண்டும் என்று நான் தொடக்கத்தில் எழுதியதற்கு இவைதாம் காரணம்.

காரணங்கள் கருப்பையின் உள்வரியோடு முடிந்துவிடுவதில்லை. பிறப்புறுப்பின் தோல் வறண்டு மெலிந்து உரசலில் கசிவது மிகவும் பொதுவானது. உள்வரியில் பாலிப் எனும் ஒரு சிறு சதை வளர்ந்திருக்கலாம். கருப்பை வாயில் புண்ணோ புற்றுநோயோ இருக்கலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன்னால் கண்ணால் பார்க்கும் உள்பரிசோதனை வேண்டும் என்கிறேன். சிறுநீர்ப் பாதையிலிருந்தோ மூலத்திலிருந்தோ வரும் இரத்தத்தைக்கூடச் சில பெண்கள் கருப்பையிலிருந்து வருவதாக எண்ணிவிடுகிறார்கள். மருந்துகளும் காரணமாகலாம்: இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவை கசிவைக் கூட்டும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின் ஆகியவை ஹார்மோன் மாத்திரைகளைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்து அவற்றின் பலத்தைக் குறைத்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் எடுக்கும் டமாக்ஸிஃபென் உள்வரியைத் தடிக்கச் செய்யும். நீங்கள் எதை எடுத்தாலும், மூலிகை மாத்திரை உட்பட, டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பாப் ஸ்மியர் எடுத்திருக்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டுக் கொள்கையின்படி 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒன்றாக மூன்று முறை அரசுக் கிளினிக்குகளில் அதை இலவசமாக எடுத்தார்கள். நம்மில் பலர் அப்படி எடுத்தவர்களே. அது கருப்பை வாய்க்கான சோதனை. கருப்பையின் உள்ளே இருப்பதை அது காட்டாது. பாப் ஸ்மியர் நன்றாக இருந்தது என்பது இன்றைய கேள்விக்குப் பதில் ஆகாது.

ஸ்கேன் என்றதும் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதை நினைத்துக்கொள்வீர்கள். உங்களுக்கு வேண்டியது பிறப்புறுப்பின் வழியாக, மெல்லிய கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன். அதில்தான் உள்வரியின் தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி இராது, கூச்சம்தான் இருக்கும். பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. உதிரம் பட்டுக்கொண்டிருக்கிறதே, நிற்கட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், அப்போதும் பார்க்கலாம். உள்வரி 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100க்கு ஒன்றிலும் குறைவு. அதற்கு மேல் இருந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல; ஹார்மோன் எடுப்பவர்களுக்கு உள்வரி சற்றுத் தடித்தே இருக்கும், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். உள்வரி மெல்லியது என்று வந்த பிறகும் உதிரம் திரும்பத் திரும்பப் பட்டால், அந்த அளவை நம்பி அமர்ந்துவிடாமல் மீண்டும் செல்ல வேண்டும். பெரிய ஃபைப்ராய்டு கட்டிகள் இருந்தாலும் உள்வரி சரியாகத் தெரியாமல் போகும்.

திசுச் சோதனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. பாப் ஸ்மியருக்குப் படுப்பதுபோலப் படுத்தால், உறிஞ்சுகுழல் போன்ற மெல்லிய குழாயைக் கருப்பைக்குள் செலுத்திச் சிறிதளவு திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த ஒரு நிமிடம், பழைய மாதவிடாய் வலிபோல், சிலருக்கு அதைவிடக் கடுமையாகவும், வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு மணி நேரம் முன்பு பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு இபுபுரோஃபென் ஏற்றதல்ல. சிலருக்குக் குழாய் உள்ளே போகாது, அல்லது பாலிப் இருப்பதாகத் தெரியும். அவர்களுக்குச் சிறு கேமரா வைத்துக் கருப்பையின் உள்ளே பார்ப்பார்கள். அதை மயக்கம் கொடுத்தும் செய்யலாம்.

முடிவு எப்படி வந்தாலும் வழி இருக்கிறது. இயல்பான திசு என்று வந்தால் மாத்திரை முறையைச் சீர்செய்வதோடு முடியும். செல்களில் கோளாறு இல்லாத மிகை வளர்ச்சி என்று வந்தால், மிரேனாவோ புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி திசு எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு அது மறைந்துவிடும். செல்களிலும் கோளாறு தெரிகிறது என்று வந்தால் உங்கள் வயதில் கருப்பையை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. புற்றுநோய் என்றே வந்தாலும், கருப்பையைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். உதிரம் என்ற அறிகுறி சீக்கிரமே தெரிந்துவிடுவதால், பெரும்பாலான பெண்களுக்கு இது அந்த நிலையில்தான் பிடிபடுகிறது. உங்கள் பெரியம்மாவின் காலத்தில் அவர் இதை எத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தாரோ, நமக்குத் தெரியாது. குடும்பத்தில் ஒருவருக்கு வந்ததால் மட்டும் இது பரம்பரை நோய் ஆகிவிடாது. ஆனால் இரத்த உறவில் வேறு யாருக்கேனும், குறிப்பாக ஐம்பது வயதுக்குள், குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்டு இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். அரசுக் கிளினிக்குகளில் அடிப்படை மருத்துவம் 1996 முதல் இலவசம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டால், சாட்ஸ்வொர்த்தில் உள்ள உங்களை ஆர்.கே. கான் மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்; மேல் சிகிச்சை தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. விடியற்காலையில் போய், சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் கையில் வைத்துக்கொண்டு அமர வேண்டியிருக்கும்.

விரதத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் பிரைமோலட்டை எடுக்க வைத்தது அதுதான். தீட்டு, வீட்டுக்குத் தூரம் என்றெல்லாம் நம் பாட்டிமார் வகுத்தது மாதவிடாய்க்கு. இது மாதவிடாய் அன்று என்று மேலே சொன்னேன். காலில் காயம் பட்டு இரத்தம் வருவதுபோல, உடலின் உள்ளே எங்கோ ஓரிடம் கசிகிறது. நானும் முருகனை வணங்குகிறவள்தான். கோயில் முறையைத் தீர்மானிக்க நான் யாருமல்லள். உங்கள் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவராக நான் கேட்பது இவ்வளவே: அடுத்து வரும் சித்திரைக் காவடிக்கோ புரட்டாசி விரதத்துக்கோ உதிரம் பட்டால், அதை மாத்திரையால் மறைக்காதீர்கள். விரத நாள்களில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையையும் ஹார்மோன் மாத்திரையையும் விட்டுவிடுவதும் நம் பெண்களிடம் உண்டு. மருந்து விரதத்தைக் கெடுக்காது.

மருமகள் படித்துவிடக் கூடாது என்று தமிழில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கற்ற எழுத்து, சொல்ல முடியாததைச் சொல்ல உங்களுக்கு உதவியிருக்கிறது. அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கிளினிக்குக்கு உங்களைக் காரில் அழைத்துச் செல்வதும், வரிசையில் உடன் அமர்வதும், சோதனை முடிவை வாங்கி, அந்தத் தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வதும் இந்தக் கடிதத்தால் ஆகாது. மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருமகளிடம் மட்டும் சொல்லுங்கள். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. நாளை அவருக்கும் இந்த வயது வரும், அப்போது யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உதிரம் பட்ட தேதிகள், ஒரு நாளுக்கு எத்தனை பேட் மாற்றினீர்கள், கட்டியாக வந்ததா, புரோவெராவை ஏறக்குறைய வாரத்துக்கு எத்தனை நாள் விட்டீர்கள், பிரைமோலட்டை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, நாளுக்கு எத்தனை எடுத்தீர்கள் என்பன. புரோவெராவை விட்டதை மறைக்காதீர்கள். ஸ்கேன் அளவை மருத்துவர் சரியாகப் புரிந்துகொள்ள அதுதான் உதவும். இடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவுக்குப் போனாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, கிளினிக்குக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கிளினிக்கில் முதலில் பெயர் பதிகிறவரிடம் ‘பீரியட் பிரச்சினை’ என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ‘மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன், இரண்டு முறை உதிரம் வந்துவிட்டது’ என்று இந்தச் சொற்களையே ஆங்கிலத்தில் சொல்லும்படி மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குத் தேதி கொடுக்காமல் அனுப்பினால் மறுநாளே திரும்பிச் செல்லுங்கள். திசுவை எடுத்து மூன்று வாரமாகியும் முடிவு வராவிட்டால், நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல் நேரில் போய்க் கேளுங்கள். முடிவு வந்ததும், விருப்பமிருந்தால், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்